ஒரு தேதிக்காகக் காத்திருக்கும் 3-ஆம் பிரிவு: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18 என ஐம்பத்தேழு இடங்களில் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

மத்திய சட்ட அமைச்சகம் வெளியிடும் அரசமைப்புச் சட்ட நூலில் 22-ஆம் உறுப்பைத் திறந்து பாருங்கள். தடுப்புக்காவல் பற்றிய (4)-ஆம் கூறுக்கு ஓர் அடிக்குறிப்பு இருக்கும். 1978-ஆம் ஆண்டின் 44-ஆம் திருத்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி இந்தக் கூறு மாற்றப்படும், அதற்கான தேதி இனிமேல்தான் அறிவிக்கப்படும் என்று அது சொல்லும். மாறிய வாசகமும் அங்கேயே, சின்ன எழுத்தில், முழுதாக அச்சாகியிருக்கும். இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு நிறைவேற்றிய வாசகம் அது. குடியரசுத்தலைவர் 1979 ஏப்ரல் 30 அன்று ஒப்புதலும் தந்துவிட்டார். நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அது அடிக்குறிப்பாகவே கிடக்கிறது.

அதைப் பக்கத்தின் மேற்பகுதிக்கு ஏற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இம்மடல்.

22-ஆம் உறுப்பு கைதானவருக்கான பாதுகாப்புகளைச் சொல்கிறது. கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். அதே உறுப்பின் (3)-ஆம் கூறு, தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவருக்கு இவை பொருந்தாது என்கிறது. செய்த குற்றத்துக்காக அல்லாமல் செய்யக்கூடும் என்ற கணிப்பில் ஒருவரை அடைப்பதுதான் தடுப்புக்காவல். ஆகவே அங்கே விசாரணையும் கிடையாது, தண்டனையும் கிடையாது. எஞ்சியிருப்பவை மூன்று: காவலுக்கான காரணங்களை எழுத்தில் பெறுவது, அவற்றை எதிர்த்து முறையீடு செய்வது, அறிவுரைக் கழகம் அந்தக் காவலைப் பரிசீலிப்பது. 44-ஆம் திருத்தம் கை வைத்தது இந்த மூன்றாவதில்.

இன்று நடப்பில் இருக்கும் வாசகப்படி, அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமலேயே ஒருவரை மூன்று மாதம் வரை அடைத்து வைக்கலாம். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர், இருந்தவர், அல்லது ஆவதற்குத் தகுதி உள்ளவர் அந்தக் கழகத்தில் உறுப்பினர் ஆகலாம். 'தகுதி உள்ளவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 217-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு வழக்காடிய எவருக்கும் அந்தத் தகுதி உண்டு. அவர்களில் யாரை எடுப்பது என்பதை முடிவுசெய்வது அரசு. காவலில் வைக்க ஆணையிடுவதும் அரசு, அந்த ஆணை சரியா என்று பார்க்க ஆளைத் தேர்ந்தெடுப்பதும் அதே அரசு. போதாக்குறைக்கு (7)-ஆம் கூறின் (அ) உட்கூறு, அறிவுரைக் கழகத்தையே கேட்காமல் மூன்று மாதத்துக்கு மேலும் வைத்திருக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது.

காத்திருக்கும் வாசகத்தில் மூன்று மாதம் இரண்டாகிறது. உரிய உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி தரும் பரிந்துரைப்படிதான் கழகத்தை அமைக்க முடியும். தலைவர் அதே உயர் நீதிமன்றத்தில் பதவியில் இருக்கும் நீதிபதியாக இருக்க வேண்டும். உடன் இருப்பவர்கள் இருவருக்குக் குறையக்கூடாது, அவர்களும் ஏதேனும் ஓர் உயர் நீதிமன்றத்தின் பதவியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதிகளாக இருக்க வேண்டும். 'தகுதி உள்ளவர்' என்ற வழி அடைபடுகிறது. (7)(அ) உட்கூறு நீங்குகிறது.

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் சங்கதி அல்ல. 'குண்டாஸ்' என்று தெருவில் பெயர் பெற்றுவிட்ட 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம் எப்படி ஓடுகிறது என்பது உங்கள் தொகுதி அலுவலகத்துக்கு மனுவோடு வரும் தாய்மார்களுக்குத் தெரியும். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ ஆணை பிறப்பிக்கிறார். ஐந்து நாளுக்குள் காரணங்களைத் தர வேண்டும். 12 நாளுக்குள் அரசு அந்த ஆணையை ஏற்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். காவல் தொடங்கியதிலிருந்து ஏழு வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். போதிய காரணம் உண்டு என்று கழகம் சொல்லிவிட்டால் காவல் 12 மாதம் வரை நீளலாம். கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமை காவலில் இருப்பவருக்கு இல்லை. அரசு தன் தரப்பில் சட்டம் தெரிந்தவரை நிறுத்தினால் காவலில் இருப்பவருக்கும் அந்த வாய்ப்பைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதோடு சரி.

கழகம் பச்சைக்கொடி காட்டிய ஆணைகள் பின்னால், காவலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவில் ரத்தாகும்போது, காரணங்கள் பெரும்பாலும் புதிதாகத் தோண்டி எடுத்தவையாக இருப்பதில்லை. கொடுத்த நகல்கள் படிக்க முடியாதபடி இருந்தன. ஆவணங்கள் அவருக்குத் தெரிந்த மொழியில் பெயர்க்கப்படவில்லை. முறையீட்டைப் பரிசீலிக்க அரசு காரணமில்லாமல் நாள் கடத்தியது. ஏற்கெனவே சிறையில் இருப்பவர் பிணையில் வந்துவிடுவார் என்பதற்கு ஆதாரமே இல்லாமல் ஆணை போடப்பட்டது. இவற்றில் பெரும்பகுதி கழகத்தின் மேசையில் இருந்த அதே கோப்பிலேயே தெரியக்கூடியவை. ஏழாவது வாரத்தில் கண்ணில் படவேண்டியது, மனு பட்டியலில் ஏறி விசாரணைக்கு வரும் மாதத்தில்தான் படுகிறது. அதற்குள் 12 மாதத்தில் பாதி கழிந்திருக்கும். அறிவுரைக் கழகங்கள் முத்திரை குத்தும் அமைப்புகளாக இருக்கக்கூடாது என்று 2024-இல் தெலங்கானா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது இந்த நோயைத்தான்.

மருந்து சட்டமாகவே இருந்தும் ஏன் பயன்படவில்லை? 44-ஆம் திருத்தச் சட்டத்தின் முதற்பிரிவு, (2)-ஆம் உட்பிரிவைப் படியுங்கள். மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் தேதியில் இச்சட்டம் நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதிகளை அறிவிக்கலாம் என்கிறது அது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 1979 ஜூன் 20, ஆகஸ்ட் 1, செப்டம்பர் 6 ஆகிய தேதிகளில் மற்றப் பிரிவுகள் எல்லாம் நடைமுறைக்கு வந்தன. 19-ஆம் உறுப்பிலிருந்து சொத்துரிமையை எடுத்த 2-ஆம் பிரிவு வந்தது. 4-ஆம் பிரிவும் வந்தது. நடுவில் நின்ற 3-ஐ மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள். கைமறதி என்று இதைச் சொல்ல முடியாது. 2-க்கும் 4-க்கும் தேதி எழுதிய கை 3-ஐப் பார்த்துத்தான் தாண்டியிருக்க வேண்டும்.

உரிமையைக் குறுக்கும் திருத்தங்களுக்கு இப்படித் தேதி கிடைக்காமல் போனதில்லை. 1951-இல் வந்த முதல் திருத்தம் பேச்சுரிமைக்கான வரம்புகளை விரித்தபோது, 19(2)-இன் புதிய வாசகம் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்று எழுதியது. அதாவது 1950 ஜனவரி 26 வரை பின்னோக்கிப் போனது. 1975-இல் பிரதமரின் தேர்தல் வழக்கை நீதிமன்றத்தின் கையிலிருந்து எடுக்க வந்த 39-ஆம் திருத்தம் ஆகஸ்ட் 7-இல் மக்களவையில் அறிமுகமாகி, மாநிலங்களவை, மாநிலச் சட்டமன்றங்கள் எல்லாவற்றையும் கடந்து, 10-இல் ஒப்புதல் பெற்றது. நான்கே நாள். 42-ஆம் திருத்தத்திலும் இதே 'அரசு அறிவிக்கும் தேதி' என்ற வாசகம் இருந்தது. 1976 டிசம்பர் 18-இல் ஒப்புதல் கிடைத்தது, 1977 ஜனவரி 3-இல் அதன் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது. பதினாறு நாள். 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் நேர்ந்தது மறுபடி நேரக்கூடாது என்பதற்காகவே வந்தது 44-ஆம் திருத்தம். இனி எந்த நெருக்கடியிலும் 20, 21-ஆம் உறுப்புகளை முடக்கி வைக்க முடியாது என்ற காப்பும் அதில்தான் வந்தது, அது நடப்பிலும் இருக்கிறது. நெருக்கடி நிலை இல்லாத சாதாரண நாளில் அடைபடுபவருக்கான காப்பு மட்டும் நின்றுபோனது.

இங்கே 368-ஆம் உறுப்பையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அடிப்படை உரிமைகள் பற்றிய மூன்றாம் பாகத்தைத் திருத்த மாநிலச் சட்டமன்றங்களின் ஏற்பு தேவையில்லை. ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரு பங்கும் வேண்டும். மக்களவையின் 543-க்கு 272, மாநிலங்களவையின் 245-க்கு 123. 400 பேர் வந்து வாக்களித்தால் மூன்றில் இரு பங்கு 267தான், ஆனால் 272 எட்டாவிட்டால் மசோதா விழும். இத்தனை கடினமான கதவைத் தாண்டி வரும் மசோதாவுக்குக் குடியரசுத்தலைவர் 'ஒப்புதல் அளிக்க வேண்டும்' என்று 1971-இன் 24-ஆம் திருத்தம் கட்டாயமாக்கிவிட்டது. மறுக்க அவருக்கு உரிமை இல்லை. அந்த உரிமை இல்லாத இடத்தில், தேதி போடாமல் வைத்திருக்கும் ஒரு கோப்புக்கு அதைவிடப் பெரிய மறுப்பு அதிகாரம் வந்து சேர்ந்திருக்கிறது. காரணம் எழுத வேண்டாம், அவையில் சொல்ல வேண்டாம், காலக்கெடுவும் இல்லை.

இதை நீதிமன்றம் சரிசெய்யும் என்று நீங்கள் ஒதுங்க முடியாது. தேசியப் பாதுகாப்புச் சட்ட வழக்கில் 1981 டிசம்பர் 28 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். மனுதாரர் உங்களைப் போல ஒரு மக்களவை உறுப்பினர், தன்பாத் தொகுதியின் ஏ.கே. ராய். தேதியை அரசின் முடிவுக்கு விட்டது நாடாளுமன்றம், எனவே அரசுக்குக் கட்டளையிட முடியாது, கேள்வி கேட்க வேண்டியதும் நாடாளுமன்றமே என்பது மூவரின் பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். நீதிபதிகள் ஏ.சி. குப்தாவும் துல்ஜாபுர்கரும் மாறுபட்டார்கள். 1988-இல் இன்னொரு வழக்கில், இதேபோல் தேதிக்காகக் காத்திருந்த, எல்லா நீதிமன்றங்களிலும் வழக்காடும் உரிமையை வழக்கறிஞர்களுக்குத் தரும் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவை நடைமுறைப்படுத்துவது பற்றி ஆறு மாதத்துக்குள் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவு போனது. 1961-இல் இயற்றிய அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2011 ஜூன் 15-இல். 'பரிசீலி' என்ற உத்தரவின் வேகம் அவ்வளவு.

பந்து உங்கள் அவையில்தான் இருக்கிறது.

எதிர்வாதங்கள் வரும். நாட்டின் பாதுகாப்பு என்பார்கள். இந்தத் திருத்தம் தடுப்புக்காவலை ஒழிக்கவில்லை, 12 மாத உச்சவரம்பையும் தொடவில்லை. தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலும் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் கழகத்தின் கெடு ஏழு வாரம், அதாவது 49 நாள். இரண்டு மாதத்துக்குள் அது தாராளமாக அடங்கும். உண்மையில் இடிப்பது அந்நியச் செலாவணிப் பாதுகாப்பு, கடத்தல் தடுப்புச் சட்டத்திலும் (1974), போதைப்பொருள் கடத்தல் தடுப்புக்காவல் சட்டத்திலும் (1988). அவற்றில் கெடு பதினொரு வாரம், 77 நாள். அதை மாற்றாமல் 3-ஆம் பிரிவுக்குத் தேதி கொடுத்தால் இரண்டு மாதம் முடிந்ததும் அந்தக் காவல்கள் சரியத் தொடங்கும். ஆகவே முதலில் அந்த இரு சட்டங்களிலும் பதினொன்றை ஏழாக்க ஒரு சாதாரண மசோதா, பிறகு அறிவிக்கை. வரிசை மாறக்கூடாது. (7)(அ) போனால் என்ன ஆகும் என்ற கவலைக்கு இடமே இல்லை. அதை நம்பி இந்த இரு சட்டங்களிலும் எழுதிய விதிவிலக்குகள் 1999 ஜூலை 31-க்கு முன் பிறப்பித்த ஆணைகளுக்கு மட்டுமே உரியவை, காலாவதியாகிவிட்டன.

நியாயமான எதிர்வாதம் ஒன்றே ஒன்று உண்டு. பதவியில் இருக்கும் நீதிபதிதான் தலைவர் என்றால், சென்னை உயர் நீதிமன்றத்தின் அனுமதிக்கப்பட்ட 75 இடங்களே முழுதாக நிரம்பாத நாளில் இவ்வளவு காவலாணைகளை யார் பார்ப்பது? சுமை கூடத்தான் செய்யும். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுமை கூடுவதற்குக் காரணம் ஆணைகளின் எண்ணிக்கை. சாதாரணக் குற்றவியல் வழக்கில் பிணையை எதிர்த்து வாதாடினால் போதும் என்ற இடத்திலும் இந்தச் சட்டத்தை எடுக்கும் பழக்கம், பரிசீலனை கடினமானால் தானே குறையும். ஒன்றுக்கு மேற்பட்ட கழகங்களை அமைத்து, வாரத்தில் குறித்த நாளில் அமர வைக்கவும் தலைமை நீதிபதியால் முடியும்.

இப்போது செய்யக்கூடியவற்றுக்கு வருவோம். முதலில் கேள்வி. நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கொடுங்கள், அப்போதுதான் துணைக் கேள்வி எழுப்ப முடியும். மக்களவையில் 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். தடுப்புக்காவல் உள்துறையின் பொருள், திருத்தச் சட்ட அறிவிக்கையோ சட்ட அமைச்சகத்தின் பக்கம் வரும். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கைகாட்டுவார், ஆகவே இரு அமைச்சகங்களுக்கும் தனித்தனியே, வெவ்வேறு உறுப்பினர்கள் கொடுப்பது நல்லது. 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அவை நடைமுறைப்படி அந்தச் சொற்களே ஓர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டிய பட்டியலில் அது ஏறும், ஏறவில்லை என்றால் அரசு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதி ஏற்றச் செய்யுங்கள். நீதிபதி வெங்கடாசலையா தலைமையில் அரசமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002-இலேயே இந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னதைத் துணைக் கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தனிநபர் மசோதா. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது, அதன் பிறகு அரசு தன் மசோதாவோடு வர வேண்டியதாயிற்று. அந்த வழியை இங்கிருந்து போனவர் ஒருவரே போட்டிருக்கிறார். மசோதாவில் 3-ஆம் பிரிவின் வாசகத்தை அப்படியே எடுத்து 22-ஆம் உறுப்பில் நேரடியாக வையுங்கள். நடைமுறைத் தேதி பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். தேதி குறிப்பிடாத மத்தியச் சட்டம் குடியரசுத்தலைவர் ஒப்புதல் தரும் நாளிலேயே நடைமுறைக்கு வரும் என்று 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 5-ஆம் பிரிவு சொல்கிறது.

மாநிலத்திலும் உங்கள் கட்சிகளுக்கு வேலை இருக்கிறது. பொது ஒழுங்குக்கான தடுப்புக்காவல், நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் வருவது. 1982-இன் சட்டத்தில் அறிவுரைக் கழகத்தை அமைக்கும் 9-ஆம் பிரிவைத் திருத்தி, தலைமை நீதிபதியின் பரிந்துரையைக் கட்டாயமாக்கத் தமிழ்நாடு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆளும் கட்சியாக இருக்கும்போது மட்டும் இது ஏன் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை என்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, இனி உங்கள் முன் வரும் ஒவ்வொரு திருத்த மசோதாவின் முதற்பிரிவையும் பற்றி. அவை விதிப்படி அது கடைசியில் எடுக்கப்படும், எல்லாரும் களைத்திருக்கும் நேரத்தில். 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86-ஆம் திருத்தம் 2002 டிசம்பர் 12-இல் ஒப்புதல் பெற்று, 2010 ஏப்ரல் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் நாளில் ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு உரிமை கையில் வந்தபோது பதின்மூன்று வயது. 2023-இல் மகளிர் இடஒதுக்கீட்டுக்காக வந்த 106-ஆம் திருத்தத்தின் முதற்பிரிவிலும் இதே 'அரசு அறிவிக்கும் தேதி' வாசகம் இருந்தது. அப்படி ஒன்றைக் கண்டால் ஒரு நாள் முன்னதாகத் திருத்த அறிவிப்புக் கொடுங்கள். முழுதாக நீக்கச் சொல்லலாம். அரசுக்கு ஆயத்த நேரம் உண்மையிலேயே வேண்டுமென்றால், 'மத்திய அரசு அறிவிக்கும் தேதியில், அல்லது ஒப்புதல் பெற்ற நாளிலிருந்து ஆறு மாதம் முடியும் நாளில், இவற்றில் எது முந்தியதோ அன்று' என்று மாற்றச் சொல்லலாம்.

கேள்வியின் வாசகத்தையும் எழுதித் தருகிறோம், எடுத்துக்கொள்ளுங்கள்:

(அ) அரசமைப்பு (44-ஆம் திருத்த)ச் சட்டம், 1978-இன் 3-ஆம் பிரிவு இதுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ளதா;

(ஆ) இல்லையெனில், அதே சட்டத்தின் 2, 4-ஆம் பிரிவுகளை 1979 ஜூன் 20 முதல் நடைமுறைப்படுத்தியபோது 3-ஆம் பிரிவை விலக்கியதற்குக் கோப்பில் பதிவான காரணம் என்ன;

(இ) அந்தக் காரணம் இன்றும் நீடிக்கிறதா, நீடிக்கவில்லையெனில் எந்தத் தேதி முதல் அப்பிரிவு நடைமுறைக்கு வரும்?

இப்படிக்கு,
தடுப்புக்காவல் வழக்குகளிலும் அரசமைப்புச் சட்டத்திலும் பணியாற்றும் வழக்கறிஞர்களும் சட்ட ஆசிரியர்களும்